நெல்லிமேட்டு ஷட்டருக்கு வைத்த பொட்டு

போன மாதம், அம்பத்தூர் பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய இடத்தில் அடிக்கடி போய் நின்றால் மரியாதை குறையும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் புது மாதிரி ஷட்டர் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று பாபுவே கூப்பிட்டான். பாபு என்னோடு வெல்டராக இருந்தவன். இப்போது அவன்தான் போர்மேன்.

ஷட்டர் என்றால் கடைக்கு இழுத்து மூடுவது இல்லை. ஓடையின் குறுக்கே கட்டுகிற சின்னத் தடுப்பணைக்கு வைக்கும் இரும்புக் கதவு. மேலே தூக்கினால் தண்ணீர் போகும், கீழே இறக்கினால் நிற்கும். அதைச் செய்வதும் ஊர் ஊராகக் கொண்டுபோய் மாட்டுவதும்தான் என் வேலையாக இருந்தது.

பாபு தன் போனில் எதையோ தொட்டான். பட்டறை நடுவில் நின்ற கதவு தானாக இறங்கியது.

"பாத்தியா நைனா. இங்க குந்திகினே தர்மபுரில கீற ஷட்டரை மூடலாம்."

"கரன்ட் போச்சுன்னா?"

"பேட்டரி கீது."

"பேட்டரி தீந்துச்சுன்னா?"

"கையால சுத்தறதுக்கு சக்கரம் வெச்சுக்கீறோம்."

"சக்கரம் சுத்தலைன்னா?"

பாபு பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, "சொன்னேன்ல, மூணாவது கேள்வில நெல்லிமேட்டுக்குப் பூடுவாருன்னு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் நெல்லிமேட்டுக் கதை தெரிந்திருந்தது, ஆனால் பாபு சொன்ன கதை. அதில் ஆள் உயரத்துக்கு அலை வருகிறதாம். ஒரு முதலைகூட வருகிறதாம். உண்மையில் நடந்ததை நீங்களே எழுதிக் கொடுங்கள், நம் தொழிலாளர் மலரில் போடலாம் என்று அவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். முதலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். பட்டறையில் கிரைண்டிங்கில் தொடங்கி, துளை போடும் மெஷினுக்குப் போய், கடைசியில் பிட்டர் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல இரும்புத் தூளும் டீயும் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு அங்கே வைத்த பெயர் 'டபுள் நட்டு'. ஒரு நட்டுப் போட வேண்டிய இடத்தில் நான் இரண்டு போடுவேன். போட்ட பிறகு டீக்குப் போவேன். டீ வருவதற்குள் திரும்பி வந்து இறுக்கிப் பார்ப்பேன்.

இந்தக் கதவு யாருக்கு வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மழையை மட்டும் நம்பி உழுகிற ஊர்களில் ஓடை என்பது வருஷம் முழுக்க வெறும் மணல். மழைக்காலத்தில் ஏதோ சில நாள் அதில் வெள்ளம் வரும். சொல்லாமல் வந்து, உட்காராமல் கிளம்பிவிடும் சொந்தக்காரன் மாதிரி. அந்த நேரத்தில் பிடித்து ஏரிக்குத் திருப்பிவிட்டால் ஒரு போகம் நிச்சயம். விட்டால் அடுத்த மழை வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஓடையில் தாழ்வாக ஒரு சுவர், நடுவில் இரண்டு திறப்பு, அவற்றுக்கு இரண்டு ஷட்டர், பக்கத்தில் கொஞ்சம் மேடாக ஒரு வாய்க்கால். ஷட்டரை இறக்கினால் தண்ணீர் ஏறி வாய்க்காலுக்குள் போகும். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் வெள்ளத்தின் முதல் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. அதில் மண்ணும் குப்பையும்தான் வரும். அதைப் பிடித்தால் வாய்க்கால் வாய் தூர்ந்துவிடும். அதனால் மழை தொடங்கும்போது ஷட்டரைத் தூக்கியே வைத்திருப்பார்கள். முதல் அழுக்கைப் போகவிட்டு, பிறகு இறக்குவார்கள். சீக்கிரம் இறக்கினாலும் தப்பு, தாமதித்தாலும் தப்பு. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட மோசமான வேலை கிடைக்காது. இதைவிட நல்ல வேலையும் கிடைக்காது என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் மாட்டப் போவது எப்போதும் கோடையில். மணல் காய்ந்திருந்தால்தான் வேலை நடக்கும். தர்மபுரிப் பக்கம் ஒருமுறை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணலாகக் கிடந்த ஓடையில் ஷட்டரை நிறுத்திக்கொண்டிருந்தோம். ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கதவு நல்லாத்தான் இருக்குது. வீடு எங்கங்க?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அத்தனை வருஷத்தில் நான் மாட்டிய ஷட்டர் ஒன்றில்கூடத் தண்ணீர் நிற்பதை நான் பார்த்ததில்லை. பட்டறையில் யாருமே பார்த்ததில்லை.

எங்கள் முதலாளியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கணவர் இறந்த பிறகு பட்டறையை எடுத்து நடத்தியவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு ஷட்டரையும் வண்டியில் ஏற்றும் முன்னால் அவர் ஒரு சோதனை வைப்பார். கதவை அதன் சட்டத்தில் நிறுத்தி, முழுக்க இறக்கி, பின்பக்கம் பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிடுவோம். பட்டறைக் கதவுகளை மூடி, மற்ற விளக்குகளை அணைப்போம். அக்கா முன்பக்கம் நின்று பார்ப்பார். ரப்பர் சரியாக உட்காராத இடத்தில் ஊசி மாதிரி வெளிச்சம் கசியும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். திட்டு எல்லாம் அந்த வட்டத்தோடு சரி. ஒருநாள் வட்டம் எதுவும் போடாமல் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன குறை என்று நானும் குனிந்து தேடினேன். "ஒண்ணுமில்ல கோதண்டம், நல்லா இருக்கு, அதான் பாத்தேன்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எதையோ அவர் கவனிக்கத் தவறிவிட்டார் என்று நினைத்தேன்.

நெல்லிமேடு வேப்பம்பட்டு தாண்டி உள்ளே இருக்கிறது. ரயிலைவிட்டு இறங்கினால் ரோட்டின் இரண்டு பக்கமும் வீட்டுமனைக் கற்கள், வண்ணக் கொடிகள். அதையெல்லாம் கடந்து போனால் வேர்க்கடலைக் கொல்லைகளும், வருஷக் கணக்கில் நிரம்பாத ஓர் ஏரியும். அந்த ஊர் ஓடையில் தடுப்பணை கட்டியபோது ஷட்டர் எங்களுடையது. சக்கரத்தைச் சுற்றுகிற பொறுப்பை ஊர்க்காரர்கள் வள்ளியம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். ஏரிக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் நிலம்.

கோடையில் மாட்டிக் கொடுத்துவிட்டு, ராடில் கிரீஸ் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ராடு என்பது ஷட்டரைத் தூக்குகிற நீளமான திருகுக் கம்பி. ஷட்டருக்கு மேலே கட்டிய மேடையில் இருக்கிற சக்கரத்தைச் சுற்றினால், அதனுள் இருக்கும் வெண்கல நட்டுச் சுற்றி, ராடு மேலே ஏறும். மரையில் கிரீஸ் இல்லாவிட்டால் எல்லாம் வீண். வண்டி ஏறும் வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"புள்ள பெத்தவளுக்கு மருந்து சொல்ற மாதிரி சொல்றியே, அண்ணாத்தே" என்றார் வள்ளியம்மா. பிறகு அவரே சொன்னார். "எம் மவன் முகப்பேர்ல வாடகைக்குக் கீறான். பிளாட் போடறவங்ககிட்ட நெலத்தைக் குடுத்துரலாம்ன்றான். இந்த வருசம் பாக்கலாம்டா, ஏரி ரொம்பலைன்னா நானே வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லிக்கீறேன். அதனால உன் கதவை உன்னைவிட நான் நல்லா பாத்துக்குவேன்."

பார்த்துக்கொண்டார். எப்படி என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஆயுத பூஜை முடிந்து, மழை தொடங்கிய சமயம். காலையில் பட்டறை திறந்ததும் போன் வந்தது.

"அண்ணாத்தே, உன் சக்கரம் சுத்தமாட்டேங்குது."

"எது? ரெண்டுமா?"

"ரெண்டுந்தான். ஆம்பளைங்க தொங்கிப் பாத்துட்டாங்க."

"மழை எப்படி?"

"இங்க தூறலுதான். மேல கொட்டுதாம். இன்னிக்கே வந்துரும்ன்றாங்க."

இரண்டு ஷட்டரும் தூக்கிய நிலையில் நிற்கின்றன. இறக்க முடியாவிட்டால் வெள்ளம் மொத்தமும் அடியில் புகுந்து ஓடிவிடும். நான் அக்காவிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வண்டிய எடு, பாபு. நானும் வர்றேன்."

மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், பிரேக் ஆயில், சுத்தி, கயிறு எல்லாம் ஏற்றினோம். பாரம் தூக்கும் செயின் பிளாக் மட்டும் இல்லை. அது வேறு வேலைக்காக ஊத்துக்கோட்டைப் பக்கம் போயிருந்தது. அது இல்லாமல் போவது கை இல்லாமல் போவது மாதிரி. ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

"இல்லாததையே சொல்லிகினு வரியே நைனா, கீறதைச் சொல்லேன்" என்றான் பாபு, மழைத் தண்ணீரில் வண்டியை உருட்டிக்கொண்டே.

"பயம் கீது" என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

நெல்லிமேட்டில் மேடைமேல் ஏறிப் பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராடைக் காணோம். ராடு இருந்த இடத்தில் மஞ்சள் தூண் ஒன்று நின்றது.

"இன்னாம்மா இது?"

"ஆயுத பூஜைக்குச் செஞ்சோம்" என்றார் வள்ளியம்மா. குரலில் கொஞ்சம் பெருமை.

"இதுல இருந்த கிரீஸ்?"

"அந்தக் கருப்பு அசிங்கமா? சோப்புத் தூளு போட்டு, தேங்கா நாரால தேச்சு, சுத்தமா எடுத்துட்டோம். பொம்பளைங்க அல்லாம் சேந்து தேச்சோம். கண்ணாடியாட்டம் ஆயிருச்சு, தெரியுமா."

"அப்புறம்?"

"அப்புறம் மஞ்சள் பூசி, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சோம். மரைக்கு ஒரு பொட்டு. எம் மருமவதான் பொறுமையா குந்திகினு வெச்சா."

"நீதானம்மா கிரீஸ் காயாம பாத்துக்கறேன்னு சொன்ன?"

"காயவே வுடலையே. அதான் எடுத்துட்டோமே."

பாபு ஓடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"சரி, மறுநாள் தொடைக்கக் கூடாதா?"

"சாமிக்கு வெச்ச பொட்டை எவனாச்சும் அழிப்பானா?"

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் பட்டறையிலும் லேத்துக்குச் சந்தனம், கிரைண்டருக்குக் குங்குமம், டீக் கெட்டிலுக்குக்கூட ஒரு பொட்டு. மறுநாள் மெஷின் ஓட வேண்டும் என்பதால் துடைத்துவிடுவோம். இங்கே இந்த மெஷின் ஓட வேண்டிய நாள் மழை வரும் நாள்தான். வெறும் இரும்பில் ஈரச் சந்தனம் ஊறி, துருவும் சேர்ந்து, நட்டுக்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது.

அக்கா ராடைத் தொட்டுப் பார்த்தார். "அலங்காரம் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. அடுத்த வருஷம் சக்கரத்துக்கு மட்டும் வைங்க. ராடு எங்க பொறுப்பு" என்று வள்ளியம்மாவிடம் சொன்னார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்தார்.

இறுகிய மரையோடு சண்டை போடக் கூடாது. சண்டை போட்டால் நட்டின் பல் போய்விடும். கெஞ்ச வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷால் மரை மரையாகத் தேய்த்து, பிரேக் ஆயிலை நட்டின் வாயில் சொட்டவிட்டு, நட்டைச் சுற்றி மெல்லத் தட்ட வேண்டும். தூங்குகிறவனை எழுப்புவது மாதிரி. பிறகு சக்கரத்தைப் பிடித்து, இம்மி அளவு இந்தப் பக்கம், இம்மி அளவு அந்தப் பக்கம். அசைந்துவிட்டதே என்று ஒரே பக்கமாக இழுத்தால், உள்ளே உதிர்ந்த தூள் மறுபடி பிடித்துக்கொள்ளும். குங்குமம் கரைந்து என் கையெல்லாம் சிவப்பு. பார்த்தவர்கள் அடிபட்டுவிட்டது என்று நினைத்தார்கள்.

முதல் ஷட்டரின் சக்கரம் 'கீச்' என்றது. அந்தச் சத்தத்துக்காக நான் ஒரு கோயில் கட்டியிருப்பேன். நட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, ராடு முழுக்க கிரீஸ் பூசி, சக்கரம் ஒரு ஆள் சுற்றினால் சுற்றும் நிலைக்கு வந்தது. இரண்டாவது சக்கரம் மட்டும் அசையவே இல்லை. அதற்குத்தான் மருமகள் பொட்டு வைத்திருக்கிறாள். அத்தனை அக்கறை.

அப்போது மேற்கே இருந்த ஊரிலிருந்து வள்ளியம்மாவுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "தரைப்பாலத்துல ஏறிருச்சாம்."

எல்லோரும் கரையேறினோம். முதலில் ஒரு வாசனைதான் வந்தது, புழுதி நனைகிற வாசனை. பிறகு வளைவில் தெரிந்தது. அது ஓடி வரவில்லை, நடந்து வந்தது. முன்னால் நுரை, அதில் தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு, காய்ந்த முள், எதிலோ ஏறி உட்கார்ந்து வருகிற ஒரு ஓணான். மணல் அதைக் குடித்துக் குடித்துக் குமிழி விட்டது. குடித்து முடிக்கும் முன்பே பின்னால் வந்த தண்ணீர் அதன்மேல் ஏறி நடந்தது. பாபு சொன்ன ஆள் உயர அலை எல்லாம் இல்லை. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் இத்தனை வருஷம் நான் கதவு செய்தது இதற்காகத்தானா என்று இருந்தது.

முதல் தண்ணீர் இரண்டு ஷட்டருக்கும் அடியில் புகுந்து போனது. குப்பை குறைந்து நிறம் மாறியதும், "இப்ப எறக்கு" என்றார் வள்ளியம்மா. முதல் ஷட்டரை இறக்கினோம். மொத்தத் தண்ணீரும் இரண்டாவது திறப்புக்குள் பாய்ந்தது. அணைக்கு முன்னால் கொஞ்சம் ஏறிற்று, நின்றுவிட்டது. வாய்க்கால் வாய்க்கு இன்னும் ஒரு முழம் வேண்டும். ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர், எங்கள் கண் முன்னால், நாங்கள் செய்த கதவின் அடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வள்ளியம்மா வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வழி இருந்தது. ஷட்டரின் தலையையும் ராடையும் சேர்ப்பது ஒரு பின்னு. அதைத் தட்டிக் கழற்றிவிட்டால் நட்டைப் பற்றிக் கவலை இல்லை, ஷட்டரைக் கயிறு கட்டி இறக்கிவிடலாம். ஆனால் இறக்கியதை மறுபடி தூக்க முடியாது. செயின் பிளாக் இல்லை. அக்கரையில் பள்ளத்தில் செங்கல் சூளைக்காரர்களின் வீடுகள். வெள்ளம் கூடினால் தண்ணீர் அங்கே ஏறும்.

"தோ, டபுள் நட்டு யோசிக்க ஆரம்பிச்சிட்டாரு" என்றான் பாபு. ஆனால் அவனும் அக்கரையைத்தான் பார்த்தான்.

அணையைக் கட்டிய அந்தப் பகுதிப் பொறியாளர், இங்கே வரும் வழியில் தண்ணீர் ஏறி நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் போனில் பிடித்து, போனை என்னிடம் கொடுத்தார். நான் என் பயம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முதல் ஷட்டர் தண்ணி அழுத்தத்துல தூக்குதா, பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"அதைப் பாருங்க முதல்ல. அது தூக்கினா ரெண்டாவதை இறக்குங்க. ஒண்ணு திறந்தாலே அக்கரைக்குப் போதும், கணக்கு அப்படித்தான் போட்டிருக்கு. ஆனா திறக்கிற ஆள் அங்கயே நிக்கணும்."

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவே இல்லை. எல்லாமே திறக்காது என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். முதல் சக்கரத்தைச் சுற்றினேன். கனமாக, ஆனால் நிற்காமல் தூக்கியது. மறுபடி இறக்கினேன். "இன்னொரு தடவை" என்றார் அக்கா. இன்னொரு தடவையும் தூக்கியது. "சரி. ரெண்டாவதை இறக்கு."

பாபுவின் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை வாங்கி, வேடிக்கை பார்க்க வந்திருந்த சூளைக்காரர்களில் ஒருவரிடம் கொடுத்து, அக்கரையில் வீடுகளுக்குக் கீழே ஒரு குச்சியில் கட்டச் சொன்னேன். தண்ணீர் துண்டைத் தொட்டால் முதல் ஷட்டரைத் தூக்கிவிட வேண்டும், ஏரி நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும். வள்ளியம்மா, "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஷட்டரின் தலையில் இருந்த வளையங்களில் கயிறு கட்டி, மேடையின் உத்தரத்தில் சுற்றி, கரையில் நின்றவர்கள் கையில் கொடுத்தோம். தேர் வடம் மாதிரி ஆணும் பெண்ணும் பிடித்துக்கொண்டார்கள். நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேடையிலிருந்து தலைகீழாகத் தொங்கினேன். என் கயிறு பாபுவின் கையில்.

"விட்றாதடா."

"வுட்டா உங்க ஊட்டுல யாரு பதில் சொல்றது? நீ பின்னைத் தட்டு நைனா."

கீழே பழுப்புத் தண்ணீர் என் மூக்கைத் தொடுகிற மாதிரி ஓடியது. சுத்தியால் தட்டினேன். பின்னு வரவில்லை. "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்று அக்கா வடம் பிடித்தவர்களிடம் சொன்னார். பாரம் கயிற்றுக்கு மாறியதும் பின்னு தளர்ந்தது. இன்னொரு தட்டு. பின்னு தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. ஷட்டர் ஒரு குலுக்குக் குலுக்கிக் கயிற்றில் நின்றது.

"மெதுவா. விடாம விடுங்க" என்றார் அக்கா. அவர் சொன்னதில் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் கையில் புரிந்தது. ஷட்டர் இறங்கியது. பாதியில் தண்ணீர் அதைச் சட்டத்தின் காடிப் பள்ளத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. சவுக்குக் கழிகளை எடுத்து, மேடைமேல் நின்று அதன் தலையில் வைத்து, 'ஐலசா' போட்டு அமுக்கினோம். ஒரு சாண் இறங்கும், நிற்கும். மறுபடி ஐலசா. கடைசியாக அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. அணைக்குக் கீழே ஓடை வடிந்து, குட்டைகளில் மீன்கள் துள்ளின. மேலே தண்ணீர் தயங்கி, சுழன்று, அகன்று, ஏறத் தொடங்கியது. அக்கா குனிந்து ஷட்டரின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவது கதவின் ஒரு மூலையில் மட்டும் நூல் மாதிரி தண்ணீர் பீச்சியது. சாக்பீஸ் இருந்திருந்தால் வட்டம் போட்டிருப்பார். நான் பார்த்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழைதான் என்றார்.

தண்ணீர் வாய்க்கால் வாயைத் தொட்டது. தொட்டுத் திரும்பியது. மறுபடி தொட்டு, உள்ளே ஒரு விரலை நீட்டிப் பார்ப்பது மாதிரி நுழைந்தது. அப்புறம் திரும்பவே இல்லை.

பாபுவை முதல் சக்கரத்தில் நிறுத்திவிட்டு, நான் வாய்க்கால் கரையில் ஓடினேன். என் வயசுக்கும் முட்டிக்கும் அது தேவையில்லாத வேலை. ஊரே ஓடியது. தண்ணீருக்கு முன்னால் ஓடி, வாய்க்காலில் கிடந்த முள்ளையும் பிளாஸ்டிக்கையும் வாரி வெளியே போட்டார்கள். தண்ணீர் வந்து காலை நனைத்ததும் இன்னும் முன்னால் ஓடினார்கள். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரை ஏறின. ஒரு மண்மேட்டில் தண்ணீர் நின்றபோது வள்ளியம்மா மண்வெட்டி கேட்கவில்லை, கையாலேயே தோண்டினார். நானும் தோண்டினேன். "நகரு அண்ணாத்தே, குறுக்க குந்திகினு" என்று என்னைத் தள்ளினார். உடைத்துக்கொண்டு போனது தண்ணீர்.

ஏரியில் அது விழுந்த இடம் வெடித்துக் கிடந்த களிமண். முதல் தண்ணீர் வெடிப்புகளுக்குள் போய்க் காணாமல் போனது. காற்று 'பொளக் பொளக்' என்று வெளியே வந்தது. பிறகு ஒரு தட்டு அளவு தேங்கியது. பிறகு ஒரு முற்றம் அளவு. வள்ளியம்மா அதன் நடுவில் போய் நின்று, கணுக்கால் நனைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிவப்புத் துண்டைத் தண்ணீர் அன்று தொடவில்லை. மறுநாள் தொட்டது. முதல் ஷட்டரைத் தூக்கிவிட்டு, வடிந்த பிறகு மூடினார்கள். செயின் பிளாக் வந்து, புதுப் பின்னும் நட்டும் போட்டு, இரண்டாவதையும் சரி செய்துவிட்டோம். ஆனாலும் எனக்கு மனசு அடங்கவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. நான் தினமும் பட்டறையிலிருந்து வள்ளியம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஷட்டர் எப்படிக் கீது?"

"ஷட்டர் நல்லா கீது. நீதான் நல்லா இல்ல."

"ராடுல கிரீஸ்?"

"சோத்துல எண்ணெ இல்லைன்னாலும் ராடுல கீது. போனை வை."

ஏரி எவ்வளவு என்று மட்டும் நான் கேட்க மாட்டேன். கேட்டால் கண் பட்டுவிடும் என்று பயம். அவரும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் காதில் விழவில்லை. "இன்னா? சத்தமா சொல்லும்மா" என்றேன். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதையும் கேட்காமல் போய் மெயின் சுவிட்சையே அணைத்தார். எல்லா மெஷினும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன.

"ஏரி கலங்கல் போவுது, அண்ணாத்தே."

ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கரையின் கல் கட்டுமேல் வழிந்து விழுவதற்குத்தான் கலங்கல் போவது என்று பெயர். அது என்ன என்று பட்டறையில் யாருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. வெல்டர், பெயின்டர், டிரில்லிங் ஆள் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் போனைச் சுற்றி நின்றார்கள்.

"உம் மவன்?" என்றேன்.

"தோ கீறான். லீவு போட்டுகினு வந்து கலங்கல்ல மீனு புடிச்சிகினு கீறான். நெலத்தைப் பத்தி வாயத் தொறக்கல. கெண்டை மாட்டிகினா பொண்டாட்டிக்குப் போட்டோ அனுப்பறான்."

"அக்கரையில ஊடுங்க? தண்ணி ஏறலையே? கரை எங்கனா கசியுதா? அந்த ரெண்டாவது ஷட்டர் மூலையில..."

"அல்லாம் நல்லா கீது" என்றார் வள்ளியம்மா. "நான் போனைக் கலங்கலாண்ட வெக்கிறேன். நீ சொம்மா கேளு."